ஊருக்கே நார்மல்

கோவில்பட்டியில ஏறினதுல இருந்து இந்தப் பையை மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மேல வைங்கம்மான்னு கண்டக்டர் ரெண்டு தடவை சொல்லிட்டார், காது கேக்காத மாதிரி சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். பைக்குள்ள என்ன தங்கமா இருக்கு? ஆறு வருஷத்து ரிப்போர்ட். எல்லாம் இவரோடது, என் வீட்டுக்காரர் முத்துமாலையோடது. என் கையால எழுதி, என் லேப் சீல் குத்தினது. சுகர் நார்மல், கொழுப்பு நார்மல், உப்பு நார்மல், கடைசி வரியில சி.ஆர்.பி., அதுவும் நார்மல். எடுத்துட்டு வா கனி, அத்தனையும் எடுத்துட்டு வா, அந்த டாக்டரம்மா மேசையில போடுறேன், பாத்துட்டுப் பேசட்டும்னு நேத்து சாயங்காலம் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக் கட்டில்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டு உத்தரவு போட்டார். நெஞ்சு வலின்னு சேத்தோம், இருதயக் குழாய்ல மூணு இடத்துல அடைப்புன்னு படம் எடுத்துக் காட்டியாச்சு, நாளைக்கே பைபாஸ் பண்ணணும்னு சொல்லியாச்சு, இந்த மனுஷன் கையெழுத்துப் போட மாட்டேங்குறார். இன்னைக்குப் பகல் பன்னெண்டு மணிக்குள்ள போடலைன்னா நாளைக்குத் தியேட்டரை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க, இவரும் என் சொந்தப் பொறுப்புல வீட்டுக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பிருவார். வீட்டுக்கு வந்தா எத்தனை நாள் தாங்கும்னு நான் தனியா கேட்டேன். டாக்டரம்மா தண்ணி பாட்டிலைத் திறந்து குடிச்சாங்க. கொழுப்பு இல்ல, சுகர் இல்ல, பீடி சிகரெட் கையால தொட்டதில்ல, அப்புறம் எங்கிருந்து வந்துச்சு அடைப்பு, எல்லாம் வியாபாரம், கனி மிஷின்ல நான் நார்மல், இவங்க மிஷின்தான் கோளாறுங்குறார். என்னை நம்பித்தான் சாகப் போறார். அந்தக் கடைசி வரி பொய்யின்னு இந்த பஸ்ல எனக்கு மட்டும்தான் தெரியும்.

டோல்கேட் தாண்டியாச்சு. முன் சீட்டுல ஒருத்தர் வாழைப்பழத்தை உரிச்சு தோலை என்ன பண்றதுன்னு தெரியாம கையிலயே வச்சிருக்கார், எனக்கு எரிச்சலா வருது, போடும்யா வெளியே, இல்லன்னா பையில வையும், எதையாவது பண்ணும். எல்லாத்துக்கும் எரிச்சல் வருது. நேத்து வீட்டைத் திறந்தா இவரோட கேன்வாஸ் ஷூ வாசல்ல ஜோடியா இருக்கு, லேஸை உள்ள மடிச்சு வச்சு. அதைப் பாத்தும் எரிச்சல். பி.டி. மாஸ்டர்னா இப்படித்தான் இருக்கணும்னு ஊரே சொல்லும். காலையில அஞ்சரைக்கு கிரவுண்டுல எட்டு ரவுண்டு, வந்து ஊறவச்ச பயறு ஒரு கைப்பிடி, பசங்களுக்கு விசில். அம்பத்துநாலு வயசுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதனாலதான் நான் இவர் ரத்தத்தை எடுத்தேன். லேப்னு பேர்தானே ஒழிய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சந்துல பத்துக்குப் பன்னெண்டுல ஒரு ரூம்பு, ஒரு மிஷின், ஒரு ஃபிரிட்ஜ், நான். புது கிட்டு, அதாவது டெஸ்ட்டுக்கு ஊத்துற மருந்துப் பெட்டி வந்து இறங்கினா அதை எடுத்த எடுப்புல நோயாளிக்குப் போடக் கூடாது. சரியா எண் காட்டுதான்னு தெரிஞ்ச ரத்தத்துல போட்டுப் பாக்கணும். அதுக்குன்னு கம்பெனியே ஒரு பொடி குடுப்பான், கரைச்சா நாலஞ்சு நாள்ல வீணாப் போயிரும், நம்ம ஊர் கரண்டுக்கு ரெண்டே நாள். அதனால எங்களை மாதிரி சின்ன லேப்காரங்க எல்லாரும் பண்றது ஒண்ணுதான். வீட்டுல நல்ல திடமா இருக்குற ஒரு ஆளோட ரத்தத்தை எடுத்து வச்சுக்குவோம். வீட்டு ரத்தம்னே அதுக்குப் பேரு. வீட்டு ரத்தம் நார்மல் காட்டினா கிட்டு நல்ல கிட்டு. காட்டலைன்னா கிட்டு கெட்டது, திருப்பி அனுப்பு. இவர் ஞாயித்துக்கிழமை காலையில வெறும் வயித்தோட ஸ்டூல்ல உக்காந்து கையை நீட்டுவார். எடு கனி, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. ஸ்டாஃப் ரூம்ல போய், இந்த ஊருல எவனுக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிக்கணும்னாலும் முதல்ல என்னைத்தான் கேக்கணும்டே, ஊருக்கே நார்மல் நான்தான்னு பீத்திக்குவார். எனக்கும் பெருமைதான். இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிரும்.

பதினொண்ணு புள்ளி நாலு. ஆறு வருஷத்துக்கு முன்னால சித்திரை மாசம், ஃபேன் கூட ஓடல அன்னைக்கு, மிஷின் பேப்பரைத் துப்புச்சு, பதினொண்ணு புள்ளி நாலு. ஆறுக்குள்ள இருக்கணும். சி.ஆர்.பி.ங்குறது உடம்புக்குள்ள எங்கயோ கொதிக்குதுன்னு சொல்ற எண்ணு. எங்கன்னு சொல்லாது, எதுக்குன்னு சொல்லாது, கொதிக்குதுன்னு மட்டும் சொல்லும். அதுவரைக்கும் நாங்க கண்ணாடித் தகட்டுல சொட்டு விட்டு ஆட்டிப் பாக்குறதுதான், திரிஞ்சா இருக்கு, திரியாட்டா இல்ல. அதையும் வர்ற நோயாளிக்குத்தான் பாத்தோம், இவருக்குப் பாக்கணும்னு தோணினதே இல்ல. எண்ணாச் சொல்ற கிட்டு அப்பத்தான் புதுசா வந்துச்சு, வழக்கம்போல முதல்ல இவர் ரத்தம். பதினொண்ணு புள்ளி நாலுன்னதும் நான் சிரிச்சேன். நிஜமாவே சிரிச்சேன், பாரு லட்சணத்தைன்னு. திருப்பி அனுப்பினேன். ரெண்டாவது கிட்டு, பத்து புள்ளி ஒன்பது. மூணாவது, பன்னெண்டு. கம்பெனிப் பையன் போன்ல பவ்வியமா, மேடம், வேற ஆளு ரத்தத்துல ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்னு சொன்னான். எனக்கு வந்துச்சே கோவம். தம்பி, எங்க வீட்டுக்காரர் டிஸ்ட்ரிக்ட் லெவல்ல ஓடினவர், உன் மருந்தைச் சரி பண்ணிட்டு அப்புறம் எனக்குப் புத்தி சொல்லுன்னு வச்சுட்டேன். வேற ஆளு ரத்தத்துல போட்டுப் பாத்திருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. வாசல்ல உக்காந்திருந்த எவளையாவது கூப்பிட்டிருக்கலாம். மிஷின்ல பெருக்குற எண்ணுன்னு ஒண்ணு இருக்கு. அதைக் கூட்டினா வர்ற விடை எல்லாம் கூடும், குறைச்சா எல்லாம் குறையும். இவருக்கு நாலு வர்ற வரைக்கும் குறைச்சேன். நாலு வந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. டீ சொல்லிக் குடிச்சேன். காய்ச்சல்காரங்களுக்கு அறுபது எழுபதுன்னு வர வேண்டியது இருபதுன்னு வந்துச்சு, அதுவும் கூடுதல்தானே, ஊசி போடுற டாக்டர் ஊசி போட்டார், யாருக்கும் ஒரு சந்தேகமும் வரல. ஒரு நாள் சும்மா என் ரத்தத்தைப் போட்டேன். ஒண்ணுக்கும் கீழ. என்னடா இவ்வளவு கம்மின்னு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கை நின்னுச்சு. அப்புறம் யாரோ யூரின் டப்பாவோட வந்துட்டாங்க. அந்த ஒரு நொடியை நான் எங்க கொண்டு போய் வைப்பேன். தெரியாம செஞ்சேன்னு சொல்லலாம்னா அந்த நொடி விட மாட்டேங்குது. குறைச்சா எல்லாருக்கும் குறையும்னு சொன்னேனே, அந்த எல்லாருக்கும்ங்குற இடத்துக்குப் போனாலே மனசு வேண்டாம் வேண்டாம்னு திரும்பிருது. இப்ப இவர் மட்டும். இவரைப் பாத்துக்குவோம், மத்ததை அப்புறம் பாப்போம்.

கயத்தாறு. சுண்டல்காரன் ஏறி இறங்கிட்டான். வெயில் இந்தப் பக்கம் அடிக்குது, கை முட்டி சுடுது. கை முட்டின்னதும் இவர் முட்டி. கல்யாணமாகி மூணாவது வருஷம் இடது முட்டியில ஒரு ரூபா அகலத்துக்கு ஆரம்பிச்சுச்சு, வெள்ளையா செதில் செதிலா, சுரண்டினா அடியில ரத்தச் சிவப்பு. அப்புறம் வலது முட்டி, தலை, முதுகு. காளாஞ்சகப் படைன்னார் சித்த வைத்தியர், சொரியாசிஸ்னார் தோல் டாக்டர், ஒட்டாது, பயப்படாதீங்கன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. வெட்பாலைத் தைலம் தடவித் தடவி எங்க வீட்டுத் தலகாணி உறை எல்லாம் ஊதா. எத்தனை தடவை துவைச்சாலும் போகாது, கடைசியில ஊதாக் கலர்லயே உறை வாங்கிட்டேன். காலையில இவர் எந்திரிச்சுப் போனதும் விரிப்பை உதறினா தவிடு மாதிரி கொட்டும், நான் கூட்டி அள்ளிருவேன், இவர் பாக்குறதுக்கு முன்னாடி. அதைப் பத்தி நாங்க பேசிக்கிட்டதே இல்ல. முழுக்கைச் சட்டை. சித்திரை வெயில்லயும் கிரவுண்டுல முழுக்கை. திருச்செந்தூருக்கு வருஷா வருஷம் போவோம், சட்டையைக் கழட்டாம ஆம்பளைங்க உள்ள போக முடியாது, நீ போயிட்டு வா கனி, நான் கடல் பாக்குறேன்னுவார். இருபது வருஷமா கடல் பாத்தார். பி.டி. சாருக்கு சாமி நம்பிக்கை இல்ல போலன்னு கூட வந்தவங்க பேசிக்குவாங்க. நான் உள்ள நின்னு முருகா இதை மட்டும் மறைய வையின்னு கேப்பேன், வெளியே வந்து இலை விபூதியைக் குடுத்தா சட்டைக் கையை இழுத்து விட்டுக்கிட்டு பூசிக்குவார். தோலு வியாதி, தோலோட போச்சுன்னுதான் நினைச்சேன். லேப்ல இருக்குறவ, நானே அப்படி நினைச்சேன். அந்தத் தோலைத் தினம் பாக்குறேன், அந்த ரத்தத்தை மாசா மாசம் எடுக்குறேன், ரெண்டையும் ஒரு நாள் கூட சேத்துப் பாக்கல. முந்தாநாள் அந்தச் சின்ன டாக்டரம்மா, எங்க மூத்தவ வயசுதான் இருக்கும், ஒரே பார்வையில சேத்துட்டாங்க.

எப்படிச் சொன்னாங்க? கோவமா ஒண்ணும் சொல்லல. என்னைத் தனியா உக்கார வச்சு, இங்க சி.ஆர்.பி. பதினாலு வந்திருக்கும்மா, இதுக்கு முன்னால எப்பவாவது பாத்திருக்கீங்களான்னாங்க. கொழுப்பு மட்டும் இருந்தா அடைப்பு வரும்னு எல்லாரும் நினைக்கிறோம், அது பாதிதான், குழாயோட உள்சுவர் வருஷக்கணக்கா சிவந்து வீங்கிக் கிடந்தா, அதை ஆத்துறேன்னு உடம்பு தன்னோட வெள்ளை அணுக்களை அங்கயே அனுப்பிக்கிட்டே இருக்கும், போனது திரும்பி வராம அங்கயே செத்து மேடு தட்டும், கொஞ்சமா இருக்குற கொழுப்பும் அதுல போய்த் தங்கிரும், ஒரு நாள் அந்த மேடு வெடிச்சா ரத்தம் உறைஞ்சு குழாயை அடைச்சிரும்னாங்க. முட்டியில வெளியே தெரியுற அதே கொதி உள்ளயும் நடக்கும்னாங்க. அந்த எண்ணை வச்சு மட்டும் அடைப்பு வரும்னு சொல்ல முடியாதும்மா, ஆனா முன்கூட்டித் தெரிஞ்சிருந்தா தோலுக்கு நல்ல மருந்தா குடுத்திருப்போம், இருதயத்தையும் ஒரு தடவை பாத்திருப்போம், மாத்திரை ஆரம்பிச்சிருப்போம்னாங்க. பாத்திருப்போம், குடுத்திருப்போம், ஆரம்பிச்சிருப்போம். நான் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். பாத்ததில்லைங்க டாக்டர்னு சொன்னேன். வாயில வந்துருச்சு. பாத்ததில்லைங்க. அவங்க எழுதிக்கிட்டாங்க. இவர்கிட்ட போய் அவங்களே விளக்கினப்போ இவர், ஏம்மா என் வீட்டுக்காரியே லேப் வச்சிருக்கா, அவ மாசா மாசம் பாக்குறா, நாலுக்கு மேல போனதில்லைன்னார். டாக்டரம்மா மெதுவா திரும்பி என்னைப் பாத்தாங்க. நான் கட்டில் சட்டத்துல இருந்த துண்டை எடுத்து மடிச்சேன், மடிச்சதையே பிரிச்சு மறுபடி மடிச்சேன். அப்ப சொல்லியிருக்கலாம். பக்கத்துல இவர் தங்கச்சி ஜெயக்கனி நின்னா, அவ முன்னால எப்படிச் சொல்றதுன்னு எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கிட்டேன். நிஜம் அது இல்ல. இருபத்தேழு வருஷமா இந்த மனுஷன் யார்கிட்டயும் காட்டாத கையை என்கிட்ட மட்டும்தான் நீட்டினார். சொல்லிட்டேன்னா நாளைல இருந்து நான் அவருக்கு யாரு? அந்தப் பயம்தான். அவர் செத்துருவாரோங்குற பயத்தை விட இது ஒரு விரக்கடை பெரிசா இருந்துச்சு பாரு, அதை நினைச்சா என்னைக் கட்டி வச்சு உதைக்கணும் போல இருக்கு.

அக்கா, டெஸ்ட்டு அக்கா, நகந்துக்கோங்கன்னு யாரோ. கனகமணி. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குறவ. கயத்தாறுல அவ மக வீடு, அங்கிருந்து ஏறியிருக்கா, இவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே வந்திருக்கா, நான் பாக்கல. உக்காந்து மூச்சு வாங்கினா. பஸ் படி மூணே படிக்கா, நெஞ்சு இப்படிப் படபடங்குதுன்னு சேலைத் தலைப்பால வாயைத் துடைச்சா. கையைப் பாத்தேன். பாக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே பாத்தேன். விரல் கணு ஒவ்வொண்ணும் வீங்கி, மோதிரத்தை அறுத்து எடுத்த தடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால இந்தக் கையோடதான் வந்தா. விரலு காலையில மடங்க மாட்டேங்குதுக்கான்னு. டவுன் டாக்டர் சி.ஆர்.பி. எழுதியிருந்தார். எவ்வளவு வந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லன்னு சொல்ல ஆசைதான். அஞ்சு. அஞ்சு வந்துச்சு. அஞ்சுன்னா நிஜத்துல பதினாலு, பதினஞ்சு. நான் நார்மல்னு எழுதினேன், டாக்டர் அது வேலை வலின்னு தைலம் எழுதினார். இப்பவும் அவ அதையேதான் சொல்றா. உங்க ரிப்போர்ட்டை சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருக்கேன்க்கா, மருமக வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, அன்னக்கனி அக்காவே ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துருச்சு, எதுக்குடி போகணும்னு சொல்லிட்டேன்னு சிரிக்கிறா. மேல் பல்லு ஒண்ணு இல்ல. பி.டி. சார் நல்லா இருக்காரான்னு கேட்டா. இருக்கார்னேன். கொழுந்தன் வீட்டு விசேஷத்துக்குத் தாழையூத்துக்குப் போறாளாம். கனகமணி, நீ திருநெல்வேலியில வேற லேப்ல ஒரு தடவை பாத்துருன்னு சொன்னேன். எதுக்குக்கா, நீங்க பாத்ததே போதும்னா. இல்ல, பழைய மிஷின், எதுக்கும் பாத்துருன்னேன். எதுக்கும். இவ்வளவுதான் வாயில வருது. கங்கைகொண்டான் தாண்டி அவ என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. மூச்சு என் கழுத்துல படுது, மேல் மூச்சு, சின்னச் சின்னதா. நான் அசையல. தாழையூத்துல எழுப்பினேன், வாரேங்க்கான்னு இறங்கிப் போயிட்டா, இறங்கி ஒரு நிமிஷம் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, அப்புறம் நடந்தா. பஸ் எடுத்துட்டான். எந்திரிச்சு சன்னல் வழியாவாவது கத்தியிருக்கலாம். உன் ரிப்போர்ட் தப்பு கனகமணின்னு ஒரு வரி. நான் உக்காந்தே இருந்தேன். கண்ணுல தண்ணி வந்துச்சு, பக்கத்துல வந்து உக்காந்த ஆளு, தூசிம்மா, கண்ணாடியைச் சாத்துங்கன்னார்.

வண்ணாரப்பேட்டையில இறங்கி நடந்தேன். ஆட்டோ வேண்டாம், நடந்தா கொஞ்சம் நேரம் கிடைக்கும். பத்தே கால். நேரம் கிடைக்கட்டும்னு நடக்குறவளும் நான்தான், பன்னெண்டுக்குள்ள ஆகணுமேன்னு பதறுறவளும் நான்தான். சொல்லாம கையெழுத்து வாங்க முடியாதான்னு ஒவ்வொரு கடை வாசல்லயும் யோசிச்சேன். என் மிஷின் இப்ப கெட்டுப் போச்சுங்க, போன மாசம்தான் கெட்டுச்சுன்னு சொல்லலாம். பிள்ளைங்க மேல சத்தியம் வாங்கலாம். சின்னவளை போன்ல அழ வைக்கலாம். அழுதா ஒத்துக்குவார், அவளுக்கு அப்பா உருகிருவார். ஆனா எத்தனை நாளைக்கு? வீட்டுக்கு வந்து ஞாயித்துக்கிழமை ஸ்டூல்ல உக்காந்து கையை நீட்டுவாரே, அப்ப என்ன பண்ணுவேன், மறுபடி நாலுன்னு எழுதுவேனா? எழுதுவேன். அதான் பயம். என்னை எனக்குத் தெரியும், மறுபடி எழுதுவேன். லிஃப்ட்டுக்குக் கூட்டமா நிக்குறாங்க, படியில ஏறினேன், ரெண்டாவது மாடியில நின்னு மூச்சு வாங்கிக்கிட்டேன். செவுத்துல இருதயப் படம் போட்டு கலர் கலரா குழாய் வரைஞ்சு வச்சிருக்கான். எவ்வளவு சின்னக் குழாய். பால்பாயிண்ட் பேனா ரீஃபிள் அளவு கூட இல்ல.

இவர் நிமிந்து உக்காந்திருந்தார். முகம் மழிச்சிருந்தார். ஜெயக்கனி டிபன் பாக்ஸைக் கழுவப் போயிருந்தா, நல்லதாப் போச்சு. கொண்டு வந்தியான்னு கையை நீட்டினார், ஆஸ்பத்திரிச் சட்டைக்கு அரைக் கை, முட்டி ரெண்டும் வெளியே சிவந்து கிடக்கு, இந்த மூணு நாள்ல அதை மறைக்கிறதை விட்டுட்டார். நான் பையைக் குடுக்கல. கட்டில் ஓரத்துல உக்காந்தேன். எதுல இருந்து ஆரம்பிக்கன்னு வழியெல்லாம் யோசிச்சது ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. நேராவே வந்துச்சு.

"ஏங்க, உங்களுக்கு முதல் தடவையே பதினொண்ணு புள்ளி நாலு வந்துச்சு. நீங்க நல்லாத்தான் இருக்கணும்னு நான் மிஷினைக் குறைச்சு வச்சேன். இவங்க சொல்றதுதான் நிஜம்."

புரியாத மாதிரி பாத்தார். நான் எல்லாத்தையும் சொன்னேன். மூணு கிட்டையும் சொன்னேன், கம்பெனிப் பையனைத் திட்டினதைச் சொன்னேன், பெருக்குற எண்ணைச் சொன்னேன், என் ரத்தத்தைப் போட்டப்போ கை நின்ன அந்த நொடியையும் சொன்னேன். அழக் கூடாதுன்னு வச்சிருந்தேன், அழுகை வரவும் இல்ல. உங்களை ஆறு வருஷம் ஏமாத்திட்டேன், என்னை என்ன வேணா பண்ணுங்க, கையெழுத்தை மட்டும் போட்டுருங்கன்னேன்.  பக்கத்துக் கட்டில்காரருக்கு கஞ்சி குடுத்துக்கிட்டிருந்தாங்க, அந்த ஸ்பூன் சத்தம் நின்னு மறுபடி ஆரம்பிச்சுச்சு. திட்டுவார்னு நினைச்சேன். திட்டினா நல்லாருக்கும்னு நினைச்சேன். விரலால முட்டியில ஒரு செதிலை எடுத்து, கீழ போடாம உள்ளங்கையில வச்சுக்கிட்டார்.

"எனக்கு மட்டுமா குறைச்சே?"

இதைத்தான் கேப்பார்னு எனக்குத் தோணவே இல்ல. பஸ் முழுக்க, நடந்த நடை முழுக்க, இவருக்கும் எனக்கும் நடுவுல இருக்குறதை மட்டும்தான் எடை போட்டுக்கிட்டு வந்தேன். கனகமணி மூச்சு கழுத்துல பட்டுக்கிட்டு இருந்தப்போ கூட.

"இல்லங்க. எல்லாருக்கும்."

கண்ணை மூடிக்கிட்டார்.  மானிட்டர்ல எண்ணு ஏறி எறங்குச்சு, நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் நர்ஸைக் கூப்பிடச் சொன்னார். சின்னப் பொண்ணு, தூத்துக்குடிப் பக்கம், சார் மனசு மாறிட்டாரான்னு சந்தோஷமா ஃபார்மை எடுத்துக்கிட்டு வந்தா. பேனாவை வாங்கி, கண்ணாடி போடாமலே, அவ காட்டின நாலு இடத்துலயும் நிதானமா கையெழுத்துப் போட்டார். எனக்கு உயிர் வந்துச்சு. கையைப் பிடிக்கப் போனேன், பேனாவை மாத்தி வச்சுக்கிற மாதிரி கையை எடுத்துக்கிட்டார். அந்தப் பொண்ணு இருக்கும்போதே, சத்தம் போடாம, வகுப்புல ஒரு பையனுக்குச் சொல்ற மாதிரி சொன்னார். அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போ கனி. லேப் நோட்டை எடு. ஆறு வருஷத்துல யார் யாருக்கு எழுதிக் குடுத்தியோ ஒவ்வொருத்தர் வீட்டுக்கா போய், நீயே நின்னு சொல்லு. போன் பண்ணாத, நேர்ல போ. ஆபரேஷன் முடிஞ்சு நீங்க கண்ணு முழிச்சதும் போறேங்க, ஒரே ஒரு நாள்னு கெஞ்சினேன்.

"நான் இருந்தாலும் இல்லைன்னாலும் நீ அங்க போகணும். நாளைக்கு நீ இங்க இருக்க வேண்டாம்."

கோவம் கூட இல்ல குரல்ல. கோவம் இருந்திருந்தா நான் காலைப் பிடிச்சிருப்பேன். ஜெயக்கனி கழுவின டிபன் பாக்ஸோட வந்து, என்ன மதினி, என்ன ஆச்சுன்னு ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பாத்தா. நர்ஸ் பொண்ணு கடைசிப் பக்கத்தைப் புரட்டி, தியேட்டர் வாசல்ல யார் இருப்பாங்க, ஏதாவதுன்னா யாரைக் கூப்பிடணும், சேத்த அன்னைக்கு உங்க பேர்தான் எழுதியிருக்குன்னு என்னைப் பாத்துக் கேட்டா. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள இவர், என் தங்கச்சி இருப்பா, அவ பேரை எழுதிக்கோங்கன்னார். அந்தப் பொண்ணு கொஞ்சம் தயங்கிட்டு, அன்னக்கனி, மனைவின்னு இருந்ததை ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, அதுக்கு மேல சின்ன எழுத்துல ஜெயக்கனி, தங்கச்சின்னு எழுதினா.